ஷெரீப் பதவி ஒரு வருஷம்... சேவை 40 வருஷம்! ஊட்டியில் பிறந்த மேரி கிளப்வாலா கதை

கோவை: ஷெரீப் என்றதும் என்ன ஞாபகம் வரும்? இடுப்பில் துப்பாக்கி, நெஞ்சில் நட்சத்திர பேட்ஜ், குதிரை மேல் வரும் கவ்பாய் பட ஆசாமிதான்.

ஆனால் நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு ஷெரீப் இருந்தார் என்றால், காந்திபுரத்தில் பஸ்சுக்குக் காத்திருக்கும் காலேஜ் பசங்க பலர் நம்பமாட்டார்கள். துப்பாக்கி கிடையாது, குதிரை கிடையாது. 'மெட்ராஸ் ஷெரீப்' என்று பட்டம் மட்டும் உண்டு. 1998-ல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது.

1956-ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு பெண். அதுவும் நம்ம பக்கத்து மலையில், ஊட்டியில் பிறந்தவர். பெயர் மேரி கிளப்வாலா ஜாதவ்.

அதென்னங்க ஷெரீப்?

1726-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜ் கொடுத்த சாசனப்படி மெட்ராசில் மேயர் கோர்ட் வந்தது. அதோடு கூடவே வந்ததுதான் ஷெரீப் பதவி. கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பது, தீர்ப்பை நிறைவேற்றுவது, ஜூரிகளை அழைப்பது என்று ஆரம்பத்தில் நிஜமான வேலை இருந்தது.

காலம் போகப் போக அதிகாரம் கரைந்தது. கடைசியில் மிஞ்சியது மரியாதை மட்டும்தான். பெரிய விருந்தினர் வந்தால் வரவேற்பது, ஊர் சார்பில் பொதுக்கூட்டம் கூட்டுவது, தலைவர் யாராவது மறைந்தால் இரங்கல் கூட்டம் நடத்துவது. பதவிக்காலம் ஒரு வருஷம். கவுரவப் பதவி என்பதால் உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை.

மும்பை, கொல்கத்தாவுக்கும் இதே பதவி உண்டு. இந்தி நடிகர் திலீப் குமார் 1980-ல் மும்பை ஷெரீப்பாக இருந்தவர்தான். இங்கிலாந்தில் இன்றைக்கும் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு ஹை ஷெரீப் இருக்கிறார். கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. பட்டியலில் பெயருக்கு நேரே வெள்ளி ஊசியால் ஓட்டை போட்டு அவரைத் தேர்வு செய்வது அங்கே பழைய வழக்கம்!

26 வயதில் விழுந்த அடி

மேரி பிறந்தது 1909-ல், பார்சி குடும்பத்தில். 18 வயதில் நோகி கிளப்வாலாவோடு கல்யாணம். ஒரு மகன் பிறந்தான். 1935-ல் கணவர் இறந்துவிட்டார். மேரிக்கு அப்போது 26 வயசுதான்.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் வீட்டோடு முடங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மேரி வெளியே வந்தார். 1923-ல் மெட்ராசில் தொடங்கிய 'கில்டு ஆப் சர்வீஸ்' என்ற சேவை அமைப்பில் சேர்ந்தார். ஆதரவற்ற குழந்தைகள், பெண்கள், ஊனமுற்றோர் என்று அந்த அமைப்பின் வேலை அவரால் பல மடங்கு விரிந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. மெட்ராஸ் முழுக்க சிப்பாய்கள். 1942-ல் 'இந்தியன் ஹாஸ்பிடாலிட்டி கமிட்டி'யை மேரி ஆரம்பித்தார். ஊர் விட்டு ஊர் வந்த ஜவான்களுக்கு நடமாடும் கேன்டீன், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு ஆறுதல் என்று பெண்களைத் திரட்டி வேலை பார்த்தார். பர்மா போரில் ஜெயித்த 14-வது ராணுவம், நன்றிக்கு அடையாளமாக அவருக்கு ஒரு ஜப்பானிய வாளைப் பரிசாகக் கொடுத்தது.

இரக்கம் மட்டும் போதாது

மேரி செய்ததில் பெரிய காரியம் 1952-ல் நடந்தது. மெட்ராஸ் ஸ்கூல் ஆப் சோஷியல் வொர்க் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே மும்பையில் 1936-ல் டாடா பெயரில் இப்படி ஒரு படிப்பு ஆரம்பித்திருந்தது.

சேவை செய்ய எதற்குங்க படிப்பு என்று கேட்கலாம். தெருவில் நிற்கும் குழந்தைக்கு சோறு போட நல்ல மனசு போதும். ஆனால் அந்தக் குழந்தைக்கு வீடு இருக்கிறதா, ஏன் ஓடி வந்தது, திருப்பி அனுப்பினால் மறுபடி அடி விழுமா, எந்தச் சட்டம் உதவும் என்று பார்க்கப் பயிற்சி வேண்டும். தெரியாமல் செய்த உதவி சில நேரம் குழந்தைக்கே ஆபத்தாகிவிடும்.

இன்றைக்கு ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், மில், கம்பெனி என்று எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். நம்ம கோவை கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் இந்த ஊட்டி பெண்மணி.

மத்திய அரசு 1955-ல் பத்மஸ்ரீ, 1968-ல் பத்மபூஷண், 1975-ல் பத்மவிபூஷண் கொடுத்தது. அதே 1975-ல் மேரி காலமானார்.

நாற்காலி போச்சு... ஸ்கூல் நிக்குது

ஷெரீப் ஆனதால் மேரி சேவைக்கு வரவில்லை. சேவைக்கு வந்து 20 வருஷம் கழித்துத்தான் ஷெரீப் பட்டம் அவரைத் தேடி வந்தது. பதவி முடிந்த பிறகும் கிட்டத்தட்ட 20 வருஷம் அதே வேலையைத்தான் பார்த்தார்.

நம்ம ஊரிலும் பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கோவை 1981-ல் மாநகராட்சி ஆனது. 1996-ல் முதல் மேயர், 2022-ல் முதல் பெண் மேயர். மேயருக்கு நிஜமான பொறுப்புகள் உண்டு. ஆனால் கவுரவத் தலைவர், புரவலர், தூதர் என்று வெறும் மாலை, சால்வையோடு நின்றுவிடும் பட்டங்களும் எத்தனையோ இருக்கின்றன.

அப்படி ஒருவரை மேடையில் பார்த்தால் கைதட்டுங்க, தப்பில்லை. கூடவே ரெண்டு கேள்வி கேளுங்க. பட்டம் வருவதற்கு முன்னால் இவர் என்ன செய்தார்? பட்டம் போன மறுநாள் என்ன செய்யப் போகிறார்?

மெட்ராஸ் ஷெரீப் நாற்காலி இப்போது இல்லை. மேரி ஆரம்பித்த ஸ்கூல் எழும்பூரில் இன்றும் நடக்கிறது.