சர்வரில் நினைவகம் 98 விழுக்காடா? பதறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புக்கிட் தெங்காவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலைதான். ஒரு பக்கம் பிறை, இன்னொரு பக்கம் புக்கிட் மின்யாக், நெடுஞ்சாலையைப் பிடித்தால் பத்து காவான். அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் எல்லாரும் இப்போது இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் அல்லர். டிப்ளோமா முடித்துவிட்டுக் கணினிப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கைப்பேசிக்கு அதிகாலை 3 மணிக்கு வரும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “டேட்டாபேஸ் சர்வரில் நினைவகம் 98 விழுக்காடு பயன்பாட்டில்.”

டேட்டாபேஸ் சர்வர் என்பது தொழிற்சாலையின் கணக்குப்பிள்ளை மாதிரி. எந்தத் தட்டு எந்த இயந்திரத்தைத் தாண்டியது, எது சோதனையில் தேறியது என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகும். அது நின்றால் வரிசையும் நிற்கும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கை நடுங்குகிறது. உடனே தோன்றுவது இரண்டு யோசனை: சர்வரை ‘ரீஸ்டார்ட்’ செய்யலாம், இல்லையென்றால் கூடுதல் ரேம் வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதலாம். பல நேரங்களில் இரண்டுமே தேவையில்லை. முதல் யோசனை நிலைமையைக் கெடுக்கவும் கூடும்.

ஒரு மளிகைக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் அலமாரிதான் நினைவகம், அதாவது ரேம். பின்னால் இருக்கும் ஸ்டோர்தான் டிஸ்க். கேட்ட பொருள் அலமாரியில் இருந்தால் உடனே கைக்கு வரும், ஸ்டோருக்குப் போனால் நேரமாகும். நல்ல கடைக்காரர் அலமாரியைக் காலியாக வைக்க மாட்டார். அடிக்கடி கேட்கப்படும் சாமான்களை அடுக்கி நிரப்பி வைப்பார். புதுச் சரக்கு வந்தால் சிலவற்றை ஒதுக்கி இடம் கொடுப்பார்.

இன்று பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸும், அதற்கு மூத்த யூனிக்ஸ் குடும்பமும் செய்வது இதைத்தான். சும்மா கிடக்கும் நினைவகத்தில் டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும். இதற்குக் ‘கேஷ்’ என்று பெயர். வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும்.

இப்போது சர்வரில் ‘ஃபிரீ’ என்ற கட்டளையைத் தட்டுங்கள். உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தம் 64 ஜிபி, காலி 1 ஜிபி, கேஷ் 44 ஜிபி, ‘அவைலபிள்’ 27 ஜிபி. காலி இடத்தை மட்டும் பார்க்கும் எச்சரிக்கை மென்பொருள் 98 விழுக்காடு என்று கத்தும். நாம் பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ எண்ணை. புதிதாக ஒரு வேலை வந்தால் சுவாப்பைத் தொடாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற மதிப்பீடு அது. 27 ஜிபி இருக்கிறது என்றால் நினைவகத்துக்குப் பஞ்சம் இல்லை. லினக்ஸ் கருவில் இந்தக் கணக்கு 2014இல்தான் சேர்ந்தது. மிகப் பழைய சர்வர்களில் அந்தப் பத்தி இருக்காது.

காலி 1, கேஷ் 44, ஆகவே 45 அல்லவா வர வேண்டும், ஏன் 27 மட்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டேட்டாபேஸ் சர்வரைச் சாதாரண சர்வரிலிருந்து பிரிப்பது இதுதான். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்றவை தங்களுக்கென ஒரு பெரிய பொது நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘ஃபிரீ’ அதையும் கேஷ் கணக்கிலேயே சேர்த்துவிடும். ஆனால் அது விட்டுக்கொடுக்கும் கேஷ் அல்ல, கடைக்காரர் பூட்டி வைத்த அலமாரி. அதன் அளவை ‘ஷேர்ட்’ என்ற பத்தியில் பார்க்கலாம். நம் உதாரணத்தில் அது 16 ஜிபி என்றால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

‘டாப்’ என்ற கட்டளையிலும் இதே பொது நினைவகம் ஆளைக் குழப்பும். டேட்டாபேஸில் 100 இணைப்புகள் இருந்தால், ஒவ்வொன்றும் அந்த 16 ஜிபியைத் தன் பெயரிலும் காட்டக்கூடும். அப்படியே கூட்டினால் 64 ஜிபி சர்வரில் 1,600 ஜிபி செலவாகிறது என்று வரும்! ஒரே கூட்டுக்குடும்ப வீட்டைப் பத்துப் பேரும் தங்கள் சொத்தாக எழுதிக்கொடுத்த மாதிரி.

அடுத்தது சுவாப். அலமாரியில் இடம் போதாதபோது, தற்போதைக்குத் தேவைப்படாததை ஸ்டோரில் போட்டு வைப்பதுதான் இது. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் ஒரு நிரலை முழுவதுமாக வெளியே தள்ளி இன்னொன்றை உள்ளே இழுத்தார்கள். அதனால் வந்த பெயர். இப்போது 4 கேபி அளவுள்ள சிறு பக்கங்களாக நகர்த்துகிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. பள்ளியில் நினைவகத்தை மலாயில் ‘இங்காத்தான்’ என்று படித்துவிட்டு, வேலையிடத்தில் ‘மெமரி’ என்று கேட்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல நல்ல சொல் உண்டு: இடமாற்று.

சுவாப்பில் 3 ஜிபி போயிருக்கிறது என்று பார்த்ததும் சிலர் அலறுவார்கள். அது என்றோ ஒதுக்கப்பட்டு, யாரும் கேட்காமல் கிடக்கும் பழைய சாமானாக இருக்கலாம். ஸ்டோரில் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமல்ல. கடைப்பையன் இப்போது ஸ்டோருக்கும் அலமாரிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

அதற்கான கட்டளை ‘விஎம்ஸ்டாட்’. பக்கத்தில் 5 என்று போட்டால் 5 விநாடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், சர்வர் தொடங்கியதிலிருந்து கணக்கிட்ட சராசரி அது. அடுத்து வரும் வரிகளில் ‘எஸ்ஐ’ (டிஸ்க்கிலிருந்து உள்ளே வருவது), ‘எஸ்ஓ’ (வெளியே போவது) என்ற இரு பத்திகளைப் பாருங்கள். தொடர்ந்து பூஜ்ஜியம் என்றால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம். இரண்டிலும் ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடி, டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைக் காட்டும் ‘டபிள்யூஏ’ பத்தியும் ஏறினால் அதுதான் உண்மையான ஆபத்து. ரேமோடு ஒப்பிட்டால் எஸ்எஸ்டி ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெதுவானது. பழைய சுழலும் டிஸ்க் அதைவிடவும் மோசம்.

பழைய யூனிக்ஸ் வைத்திருக்கும் இடங்களில் கட்டளைகள் மாறும். சோலாரிஸில் ‘சுவாப்’ என்ற கட்டளையே உண்டு, ஏஐஎக்ஸில் ‘எல்எஸ்பிஎஸ்’, எச்பி-யூஎக்ஸில் ‘சுவாப்இன்ஃபோ’. கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

ஆபத்து உண்மை என்றால்? ரேம் வாங்குவதற்கு முன் டேட்டாபேஸின் அமைப்பைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ‘ஒர்க் மெம்’ என்று ஓர் அளவு உண்டு. தொடக்கத்தில் 4 எம்பிதான். யாரோ வேகம் வேண்டும் என்று 256 எம்பி ஆக்கியிருப்பார். அது சர்வர் முழுமைக்கும் அல்ல, ஒவ்வொரு இணைப்பிலும் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் கிடைக்கும் உச்ச வரம்பு. 200 இணைப்புகள் ஒரே நேரத்தில் கேட்டால் 50 ஜிபி. மாதக் கடைசி அறிக்கை எடுக்கும் இரவில் மட்டும் சர்வர் திணறுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

சுவாப்பே வேண்டாம் என்று அணைத்துவிடும் வீரர்களும் உண்டு. இடம் அடியோடு தீர்ந்தால் லினக்ஸ் ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். அதிக நினைவகம் வைத்திருப்பதே பெரும்பாலும் பலியாகும். டேட்டாபேஸ் சர்வரில் அது எது என்று சொல்லத் தேவையில்லை. போஸ்ட்கிரெஸில் ஓர் இணைப்பை அப்படிக் கொன்றாலே மற்ற எல்லா இணைப்புகளும் அறுந்து, டேட்டாபேஸ் தன்னை மீட்டெடுத்துக்கொண்டுதான் மறுபடி வரும். கொஞ்சம் சுவாப் வைத்துக்கொண்டு, ‘சுவாப்பினஸ்’ என்ற அளவை வழக்கமான 60லிருந்து 10க்கோ அதற்குக் கீழோ குறைப்பதுதான் பலரும் பின்பற்றும் வழி.

தேவையில்லாத ரீஸ்டார்ட்டின் தொல்லையும் இப்போது புரியும். நிரப்பி வைத்த அலமாரி முழுவதும் காலியாகிவிடும். காலை 7 மணி ஷிப்ட் வந்து உட்காரும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டோருக்கு ஓட வேண்டும். “ராத்திரி என்ன செய்தீர்கள், இவ்வளவு மெதுவாக இருக்கிறது?” என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

நினைவகம் நம் ஊருக்கு அந்நியமான பொருள் அல்ல. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. அன்று அதன் முக்கிய வணிகமே நினைவகச் சில்லுகள். 1970இல் அது வெளியிட்ட 1103 என்ற சில்லில் அடங்கியது 1,024 பிட் மட்டுமே. இன்றைய முறையில் தமிழில் எழுதினால் ஒரு நீளமான வாக்கியம்கூட அதில் கொள்ளாது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று மைக்ரோன் நிறுவனம் நினைவகச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கிறது.

இரவில் நடந்ததைக் காலையில் நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது. ‘எஸ்ஏஆர்’ என்ற கருவியை ஓடவிட்டால் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகமும் சுவாப்பும் எப்படி இருந்தன என்று பதிந்து வைக்கும். ஆங்கிலத்தில் அதை ‘சார்’ என்றே வாசிக்கிறார்கள். மரியாதைக்குரிய கருவிதான். பல சர்வர்களில் அது இயல்பாக ஓடுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே அது ஓடுகிறதா என்று மூத்தவர்களிடம் கேட்டு வையுங்கள். சர்வர் நலமாக இருக்கும் ஒரு சாதாரண நாளின் எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை 3 மணிக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் கையில் இருக்கும்.