ஆரப்பாளையத்து வீடுகளுக்கு மின் எலிப்பொறி

மின் எலிப்பொறி என்பது பேட்டரியில் இயங்கும் சிறு பெட்டி. ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்திருக்கும். உள்ளே தரையில் இரண்டு மூன்று உலோகத் தகடுகள் இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். இரை கடைக்கோடியில் இருக்கும். இரையைத் தேடி வரும் எலியின் கால்கள் இரண்டு தகடுகளில் ஒரே நேரத்தில் பட்டதும் மின்சுற்று முழுமையாகிறது. உடனே பெட்டிக்குள் உள்ள சுற்று, செல்களின் குறைந்த மின்னழுத்தத்தைச் சில ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி எலியின் உடலில் பாய்ச்சுகிறது. இதயமும் மூச்சும் நின்று எலி சில நொடிகளில் இறந்துவிடும். மயங்கிய எலி எழுந்து ஓடிவிடாதபடி மின்சாரம் ஒன்றிரண்டு நிமிடம்வரை நீடித்துத் தானாக நிற்கும். பிறகு மேலே ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு எரியும். மூடியைத் திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும்படி பெரும்பாலான பொறிகளில் ஒரு சுவிட்ச் உண்டு.

ஆயிரக்கணக்கில் வோல்ட் என்று கேட்டதும் பயம் வருவது இயல்பு. ஆனால் உயிரைப் பறிப்பது உடலில் பாயும் மின்னோட்டமும் அது நீடிக்கும் நேரமும்தான். நான்கு டார்ச் செல்களால் அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே தர முடியும். சிறு எலிக்கு அது போதும். மனிதக் கைக்கு நல்ல உதறல் கொடுக்கும். ஆகவே குழந்தை விரல் விடும் இடத்தில் பொறியை வைப்பது சரியல்ல. இதய பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பொறியைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

வீட்டு இணைப்பின் 230 வோல்ட் மின்சாரத்தைக் கம்பியில் விட்டு எலியைக் கொல்வது இதற்கு முற்றிலும் வேறான செயல். நெல் வயல்களில் எலிக்காக இழுத்த மின்கம்பியில் சிக்கி விவசாயிகளே இறந்துபோன செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்படி மின்கம்பி இழுப்பது சட்டப்படி குற்றம். கொல்லைப்புறத்திலோ கடையின் பின்கட்டிலோ அதே முறையைச் சிறிய அளவில் செய்து பார்ப்பதும் அதே அளவு ஆபத்தானது. பொறியிலும் கம்பியிலும் மின்சாரம்தானே இருக்கிறது என்று ஒருபோதும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மதுரையின் ஆரப்பாளையம் எலிக்கு வசதியான இடம். வைகைக் கரையோரம், பேருந்து நிலையம், அதைச் சுற்றி ராத்திரி வெகுநேரம் நடக்கும் சாப்பாட்டுக் கடைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவோரச் சாக்கடை எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. உணவும் தண்ணீரும் மறைவிடமும் சில அடிகளுக்குள் கிடைத்துவிட்டால் எலிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வீட்டில் விரட்டினால் பொதுச் சுவரின் ஓட்டை வழியே அடுத்த வீட்டுக்குப் போகும். சில நாளில் திரும்பியும் வரும்.

வந்திருப்பது எது என்று தெரிந்துகொண்ட பிறகே பொறி வாங்க வேண்டும். அரிசி மணி போன்ற சிறு புழுக்கைகள் அலமாரியில் கிடந்தால் சுண்டெலி. பரணிலும் உத்தரத்திலும் ஓடுவது வீட்டெலி. சாக்கடையோரம் மண்ணைக் குவித்து வளை தோண்டுவது பெருச்சாளி. பெரிய பெருச்சாளி ஏறத்தாழ ஒரு கிலோ எடை வரும், வீட்டுக்கான சாதாரண மின்பொறியில் அது நுழையாது. சுண்டெலிக்கான சின்னப் பெட்டி வீட்டெலிக்கும் உதவாது. கூரிய மூக்கோடு சுவரோரம் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழும் அதைக் கொல்லாமல் விடுவதே நல்லது.

பொறியை வைக்கும் விதத்தில்தான் வெற்றி இருக்கிறது. எலி நடுக்கூடத்தில் நடப்பதில்லை. மீசை மயிரால் சுவரைத் தொட்டு உணர்ந்தபடி சுவரோரமாகவே போகும். ஆகவே பொறியைச் சுவரை ஒட்டி, எலி போகும் தடத்தில் அதன் வாய் இருக்கும்படி வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், சிலிண்டர் மூலை, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து ஆகியவை நல்ல இடங்கள். சுவரில் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்த கோடு தெரிந்தால் அதுவே எலியின் தினசரிப் பாதை.

இரைக்குத் தேங்காய்ச் சில்லோ வறுத்த நிலக்கடலையோ கருவாட்டுத் துண்டோ போதும். கொஞ்சமாக வைத்தால்தான் எலி உள்ளே முழுதாக நுழையும். தக்காளி போல ஈரம் கசியும் பொருள் கம்பிக் கூண்டுக்குச் சரி, மின்பொறிக்கு ஆகாது. ஈரம் தகடுகளை இணைத்து வேலையைக் கெடுக்கும். அதே காரணத்தால் குளியலறை வாசலிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் பொறியை வைக்கக் கூடாது.

புதுப் பொருளைக் கண்டால் வீட்டெலி பல நாள் ஒதுங்கிப் போகும். பொறி சரியில்லை என்று பலர் மூன்றாம் நாளே அதைத் தூக்கிப் பரணில் போடுவது இதனால்தான். முதல் சில இரவுகள் சுவிட்சைப் போடாமல் இரையை மட்டும் வைத்துத் தின்ன விட வேண்டும். இரை தொடர்ந்து காணாமல் போனதும் சுவிட்சைப் போடலாம். சுண்டெலிக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. புதுப் பெட்டியை அதுவே வந்து முகர்ந்து பார்க்கும்.

செத்த எலியைக் கையால் தொடாமல் பெட்டியைச் சாய்த்துப் பிளாஸ்டிக் பையில் தள்ளிவிட முடிவது இந்தப் பொறியின் பெரிய வசதி. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது. கையுறை போட்டே பொறியைக் காலி செய்ய வேண்டும். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

விலையில் மின்பொறி கம்பிக் கூண்டைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டில் ஒன்றிரண்டு எலிதான் என்றால் கூண்டே போதும். பசை அட்டை மலிவு. ஆனால் அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பசை அட்டையைத் தடைசெய்யும்படி இந்திய விலங்குகள் நல வாரியமே மாநிலங்களைக் கேட்டிருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளுக்குச் செலவழிப்பது வீண். அவ்வொலி சுவரையும் மூட்டையையும் தாண்டாது. எலிக்கும் விரைவில் பழகிவிடும். சான்றில்லாத விளம்பரத்துக்காக அமெரிக்க வணிக ஆணையம் 2001இல் அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது.

மின்பொறியின் விலையை எலி மருந்தின் ஆபத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. தின்றவர் முதல் ஓரிரு நாள் நலமாகத் தெரிவார்; பிறகு கல்லீரல் செயலிழக்கும். தமிழ்நாட்டில் இதனால் எத்தனையோ உயிர்கள் போயின. 3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் கொண்ட பேஸ்ட்டை நிரந்தரமாகத் தடைசெய்யும் முடிவை மாநில அரசு எடுத்ததற்கு அதுவே காரணம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சுக்காற்றைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தனர். கதவடைத்துத் தூங்கும் வீட்டுக்குள் இத்தகைய நஞ்சுக்கு இடமே இல்லை.

எந்தப் பொறியும் வந்த எலியைத்தான் பிடிக்கும், வருவதைத் தடுக்காது. பென்சில் நுழையும் துளை சுண்டெலிக்குப் போதும். கழிவுநீர்க் குழாய் வாயில் கம்பி வலை, கதவின் அடியில் தகடு, ஓட்டைகளில் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூச்சு, இரவில் மூடி வைத்த குப்பைக் கூடை ஆகியவை பொறி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலைகள். ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் குறைவு. வரிசையாக உள்ள நாலைந்து வீட்டார் பேசிவைத்து ஒரே வாரத்தில் ஓட்டை அடைத்துப் பொறி வைக்க வேண்டும். வீட்டில் பழைய எலி பேஸ்ட் இருந்தால் குழந்தைகள் கையில் கிடைக்காமல் உடனே அப்புறப்படுத்துங்கள். யாரேனும் தின்றதாகச் சந்தேகம் வந்தால், ஆள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.