விதைப் புற்றுநோய்: கூச்சத்தால் காலம் கடத்த வேண்டாம்

கணியம்பாடி, கண்ணமங்கலம் பகுதிகளிலிருந்தும் சவ்வாது மலையூர்களிலிருந்தும் எங்களிடம் வரும் இளைஞர்களில் சிலர், மருத்துவர் முன் அமர்ந்த பின்னும் வெகுநேரம் வயிற்றுவலியைப் பற்றியே பேசுவார்கள். உடன்வந்த தாயார் வெளியே சென்ற பிறகுதான் உண்மையான குறை வெளிப்படும். ஒரு பக்க விதை பருத்திருக்கிறது, கல்போலக் கெட்டிப்பட்டிருக்கிறது, வலி இல்லை. வலியில்லாததே தாமதத்துக்குக் காரணமாகிறது. உடற்சூடு என்று சில வாரம், வண்டியோட்டும்போது பட்ட அடி என்று சில வாரம், அண்டவாதம் என்று மேலும் சில மாதம் கழிகின்றன. யானைக்கால் நோயால் விதைப்பையில் நீர் கோத்தவர்களைக் கண்டு பழகிய மக்களுக்கு அவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் நீரா கட்டியா என்பதை வீட்டிலிருந்தபடி தீர்மானிக்க இயலாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருவது. பிறவியில் விதை கீழிறங்காதவர்களுக்கு வாய்ப்புச் சற்று மிகுதி. ஒழுக்கக் கேட்டால் வருவதன்று. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தொற்றுவதும் அன்று. கேட்க வாய் வராமல் பலர் மனத்துக்குள் வைத்து மருகும் ஐயங்கள் இவை என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறோம்.

குணமாகுமா என்றால், ஆகும். 1970-களின் தொடக்கம் வரை, உடலில் பரவிய நிலையில் வந்தவர்களுள் பிழைத்தவர் மிகச் சிலரே. 1974-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று. இன்று தொடக்க நிலையில் வருவோரில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். பரவிய பின்னும் பெரும்பாலோர் தேறுகின்றனர்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை நினைவிருக்கும். 2011 உலகக் கோப்பையில், சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, ஆடுகளத்திலேயே வாந்தியெடுத்தபடி 113 ஓட்டங்கள் அடித்தார். பின்னர் அவர் நுரையீரல்களுக்கு இடையே கட்டி இருப்பது தெரியவந்தது. அது விதையில் தோன்றியதன்று. ஆனால் விதைப் புற்றுநோய் எந்த வகை உயிரணுக்களிலிருந்து எழுகிறதோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2012-இல் அதே ஐன்ஹார்னின் மேற்பார்வையில் மூன்று சுற்று மருந்தேற்றிக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில், அதே சேப்பாக்கத்தில், நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் இந்திய அணிக்கு ஆடினார். அன்று இந்தியா ஒரே ஓட்டத்தில் தோற்றது என்பதைப் பலர் மறந்திருப்பர். அவர் வந்ததை மறக்கவில்லை.

சிகிச்சையின் முதற்படி, நோயுற்ற விதையை அறுவையால் அகற்றுவது. அடிவயிற்றின் ஓரத்தில், கவட்டுப் பகுதியில் கீறி எடுப்போம். விதைப்பையில் ஊசி குத்திச் சோதிப்பதைத் தவிர்க்கிறோம். நோய் பரவும் வழியை அது மாற்றிவிடக்கூடும். எஞ்சிய ஒரு விதை நலமாயிருந்தால் ஆண்மைக்கும் மீசை தாடிக்கும் இல்லறத்துக்கும் பொதுவாக அதுவே போதும். வெளித்தோற்றத்தை எண்ணி வருந்துவோருக்குச் சிலிகான் செயற்கை விதை பொருத்தவும் வழியுண்டு.

குழந்தைப்பேறு வேறு செய்தி. மருந்தேற்றம் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் மீளும், சிலருக்கு மீளாது. ஆதலால் முதல் மருந்துத்துளி ஏறுவதற்கு முன்பே விந்தணுவை உறைநிலையில் சேமித்துவிட வேண்டும். மணமாகாதவருக்கும் இது பொருந்தும். அதற்கென ஓரிரு நாள்களே கிடைக்கும்.

இங்கேதான் குடும்பத்தாரிடம் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல். "பையனுக்குச் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டான்" என்று தந்தையரும் தாய்மாமன்மாரும் கையைப் பிடித்துக்கொள்கின்றனர். அன்பினால் சொல்வது என்பதை அறிவோம். ஆனால் தன் நோய் இன்னதென்று அறியாத இளைஞன், விந்தணுவைச் சேமிப்பதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பான்? அவனைத் தவிர வேறெவரும் எடுக்கக்கூடிய முடிவன்று அது. பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தால், அவ்வீட்டாரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதையும் அவனோடு கலந்தே தீர்மானியுங்கள். வேண்டுமாயின் நாங்களும் உடனிருந்து பேசுகிறோம்.

மருந்தேற்றம் எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படுவோருக்கு வழக்கமாக 21 நாளுக்கு ஒரு சுற்றாக மூன்று அல்லது நான்கு சுற்றுகள். இரண்டு சுற்றில் கட்டி சுருங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று ஊரிலேயே தங்கிவிடுவோர் உண்டு. அங்கே பிழைத்திருக்கும் நோய் திரும்பும்போது சிகிச்சை கடினமாகிறது. செலவுதான் தடை என்றால், வீட்டுக்குப் புறப்படும் முன் சமூகநலப் பணியாளரைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அவர் விளக்குவார்.

இந்நாள்களில் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடலில் கிருமி சில மணி நேரத்தில் மிஞ்சிவிடும். பேருந்து அரிதாக ஓடும் மலையூர்க்காரர்கள், சிகிச்சை முடியும்வரை சாலையோர ஊரில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. பீடி, சிகரெட் அறவே கூடாது. ப்ளியோமைசின் என்ற மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடியது. பல ஆண்டுகள் கழித்து வேறெதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும், அம்மருந்து ஏற்றிக்கொண்டதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கூறி, இங்கே தரும் சிகிச்சைச் சுருக்கத்தைக் காட்டுங்கள்.