சிலிக்கோன் பாலின்பக் கருவிகளைத் தூய்மை செய்தல்

வரிகளும் புடைப்புகளும் கொண்ட சிலிக்கோன் பாலின்பக் கருவிகளில் தங்கும் உடல்நீர், வழுவழுப்பூட்டும் ஜெல், நுண்ணுயிர்கள் ஆகியவற்றை நீக்குவதில் இரண்டு நிலைகள் உள்ளன. முதலாவது கழுவுதல், அடுத்தது தொற்றுநீக்குதல். கழுவாமல் தொற்றுநீக்குவதில் பயன் குறைவு. வரிகளுக்குள் படிந்த அழுக்கு கிருமிகளுக்குக் குடை பிடித்துவிடும்.

சிலிக்கோன் என்பது சிலிக்கனும் ஆக்சிசனும் மாறிமாறி அமைந்த சங்கிலிகளாலான இரப்பர். இதில் நீரை உறிஞ்சும் நுண்துளைகள் இல்லை, கொதிநீரையும் தாங்கும். தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் டிபிஇ, 'ஜெல்லி' எனப்படும் மென்மையாக்கிய பிவிசி ஆகியவை அப்படியல்ல. அவற்றை முழுமையாகத் தொற்றுநீக்க இயலாது, கொதிநீரில் உருக்குலையவும் கூடும். ஆகவே கருவி எந்தப் பொருளால் ஆனது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இக்கருவிகளின் வடிவமைப்பு, பாதுகாப்பு பற்றிய ஐஎஸ்ஓ 3533 என்னும் பன்னாட்டுத் தரம் 2021-இல்தான் வெளியானது.

கழுவும் முறை

பயன்படுத்தியவுடன், ஈரம் காய்வதற்கு முன்பே கழுவுவது எளிது. வெதுவெதுப்பான நீரும் மணமற்ற மென்மையான சோப்பும் போதும். இதற்கென விலைக்கு விற்கப்படும் தெளிப்பான்கள் கட்டாயமில்லை. இதற்கென்றே ஒதுக்கிய மென்மையான பல்துலக்கியால் முதலில் வரிகளின் போக்கிலும், பிறகு குறுக்காகவும் தேய்க்க வேண்டும். கருவியைச் சற்று வளைத்தால் மூடியிருக்கும் பள்ளங்கள் விரியும். நகத்தாலோ ஊசியாலோ சுரண்டக் கூடாது. சிலிக்கோனில் சிறு கீறல் விழுந்தாலும் அது கிழிசலாக வளரும். சோப்பு தங்கினால் பிறப்புறுப்பில் எரிச்சல் உண்டாகும் என்பதால் ஓடும் நீரில் நன்றாக அலச வேண்டும். உட்குழிவான கருவிகளின் உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அவற்றை முழுவதும் உலர்த்திய பிறகே மூடி வைக்கலாம்.

தொற்றுநீக்கம்

மோட்டாரோ மின்கலமோ இல்லாத முழுச் சிலிக்கோன் கருவியைச் சில நிமிடங்கள் கொதிக்க வைக்கலாம். சூடான உலோகத்தில் படாதிருக்கப் பாத்திரத்தின் அடியில் துணி விரிப்பது நல்லது. மோட்டார் உள்ளவற்றை, 'நீர் புகாதது' என்று உறையில் எழுதியிருந்தாலும், கொதிக்க வைக்கக் கூடாது.

தன் ஒருவரது பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் கழுவுதலே போதும். பகிரும்போதுதான் சிக்கல். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், கழுவிய பின்னும் சில கருவிகளில் எச்பிவி வைரசின் மரபுப்பொருள் காணப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது இவ்வைரசின் சில வகைகளே. எனவே பகிர்வோர் ஒவ்வொருவருக்கும் புதிய ஆணுறையைக் கருவியின் மேல் அணிவிப்பது பாதுகாப்பானது. குதத்தில் பயன்படுத்தியதைத் தூய்மை செய்யாமல் யோனியில் பயன்படுத்தினால், ஒரே ஆளுக்கும் தொற்று வரும்.

வெடிப்போ பிசுபிசுப்போ தெரியும் கருவியை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அதைக் கழித்துவிட வேண்டும்.