வானத்தை ஒட்டலாம், பொய்யை ஒட்டலாமா?



ஆண்டுதோறும் தீபாவளி நெருங்கியதும் ஒரு படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி வரும். பாரத நாடு முழுவதும் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று பல வண்ண விளக்குகள் மின்னும். "தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த படம்" என்று அடியில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்து, உறவினருக்கும் அனுப்பி வைத்தவர்கள் நம்மில் ஏராளம்.

ஆனால் அது தீபாவளி இரவில் எடுத்த படமே அன்று. கிறிஸ் எல்விட்ஜ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, துணைக்கோள்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்த இரவு ஒளியை ஒன்றாகச் சேர்த்து, 2003-இல் அதைத் தயாரித்தார். மக்கள் தொகை எப்படிப் பெருகியது என்று காட்டுவதே அவர் நோக்கம். 1992-க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை. 1992-இல் புதிதாகத் தெரிந்தவை நீலம். 1998-இல் தெரிந்தவை பச்சை. 2003-இல் தெரிந்தவை சிவப்பு. 2012-இல் நாசா இதைத் தெளிவுபடுத்தி, அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் தேதி இரவில் எடுத்த உண்மையான படத்தை வெளியிட்டது. விளக்குகள் நன்கு தெரிவதற்காகப் படத்தின் ஒளியைக் கூட்டியிருப்பதாகவும் சொல்லிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்விட்ஜ் பல படங்களைச் சேர்த்தார். ஆனால் எதையும் மறைக்கவில்லை. பொய் புகுந்தது படத்தில் அன்று. யாரோ அதற்கு அடியில் எழுதிய ஒரு வரியில்தான்.

இரவு வானத்தைப் படம் பிடிக்க விரும்பும் நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

ஏன் சேர்க்க வேண்டும்?

"ஒரே படமாக எடுத்துவிட்டால் வம்பே இல்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வானம் நமக்காகக் காத்து நிற்பதில்லை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. அதாவது 4 நிமிடத்திற்கு ஒரு பாகை. முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான். எனவே கேமராவை 4 நிமிடம் திறந்து வைத்தால், விண்மீன்கள் இரண்டு நிலவு அகலம் வரை கோடு இழுத்துவிடும்.

விண்மீன் புள்ளியாகவே விழ வேண்டுமானால் படக்காரர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். 500 என்ற எண்ணை லென்சின் மில்லிமீட்டர் அளவால் வகுக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 25 விநாடி. பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் அளவு கேமராவுக்கு ஏற்ற கணக்கு இது. ஆனால் அந்த 25 விநாடியில், நிலவில்லாத இரவில், பால்மரக்காடும் கோவிலும் வெறும் கரிய நிழலாகவே பதியும். தரை தெளிவாகத் தெரிய நான்கைந்து நிமிடம் வேண்டும். ஆகவே வானத்திற்கு ஒரு படம், தரைக்கு ஒரு படம் என்று எடுத்து இணைக்கிறார்கள்.

இது கணினி வந்த பிறகு பிறந்த பழக்கமும் அன்று. 1850-களிலேயே பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்திற்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார்.

நம் தோட்டத்தில் எடுப்பது எப்படி?

நெகிரி செம்பிலான் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது நமக்கு ஒரு வரம். பால்வீதியின் மையப் பகுதி நம் தென்வானில் நன்றாக உயர்ந்து வரும். மார்ச் மாதத்தில் அதிகாலை 4.30 மணியளவில் தென்கிழக்கே பாருங்கள். பால் வெட்டப் போகிறவர்கள் எழுந்து அடுப்பு மூட்டும் நேரம் அது! ஆகஸ்டு மாதத்தில் இரவு 9 மணிக்கே தெற்கில் உயரத்தில் நிற்கும். செந்நிறமாக ஒளிரும் கேட்டை விண்மீனைக் கண்டுபிடித்துவிட்டால் வழி தெரிந்துவிடும். அதற்குக் கிழக்கே சற்றுத் தள்ளித்தான் மையம்.

அமாவாசையை ஒட்டிய இரவாகப் பாருங்கள். சிரம்பான், நீலாய் பட்டணத்து ஒளியை விட்டு விலகி, ஜெலுபு, ஜெம்போல் பக்கம் போனால் வானம் இன்னும் கருமையாக இருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், காலணியும் கைவிளக்கும் இல்லாமல் நிரைக்குள் இறங்காதீர்கள்.

கேமராவை உறுதியான முக்காலியில் பொருத்துங்கள். முதலில் வானத்தை 25 விநாடி வீதம் பதினாறு முறை எடுங்கள். பதினாறையும் விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி சேர்த்துச் சராசரி கண்டால், மணல் தூவியது போல் தெரியும் புள்ளிகள் கால் பங்காகக் குறையும். பிறகு முக்காலியை அசைக்காமல் தரைக்கு 4 நிமிடம் கொடுங்கள். சில கைப்பேசிகள் இதுபோன்ற வேலையைத் தாமே செய்கின்றன. 2019-இல் வந்த கூகுள் பிக்சல் 4, பதினாறு விநாடி வரையிலான பதினைந்து படங்களைச் சேர்த்து ஒரே வானப் படமாகக் கொடுத்தது.

எல்லைக்கோடு எங்கே?

ஒரே இடம், ஒரே இரவு, ஒரே திசை, ஒரே லென்ஸ். இந்த நான்கையும் காத்து இணைத்தால், அங்கே நின்ற ஒருவருக்கு முன்னால் இருந்ததைத்தான் காட்டுகிறோம். இவற்றில் ஒன்றை மீறினாலும் அது சித்திரம் ஆகிவிடுகிறது. சித்திரம் தீட்டுவது குற்றமில்லை. சித்திரத்தைச் சாட்சி என்று சொல்வதுதான் குற்றம்.

போலிப் படத்தைக் கண்டுகொள்ளச் சில வழிகள் உண்டு. அகன்ற 20 மில்லிமீட்டர் லென்சில் எடுத்து 20 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்ட படத்தில், முழுநிலவு ஒரு மில்லிமீட்டர்தான் வரும். கடுகளவு! கோபுர உயரத்திற்கு நிலவு வேண்டுமா? கோபுரத்தின் உயரத்தைப் போல் சுமார் 115 மடங்கு தூரம் பின்னால் போய், நீண்ட லென்சில் எடுக்க வேண்டும். பத்து மீட்டர் கோபுரத்திற்கு 1,150 மீட்டர். அப்படி நடந்து போய் எடுத்தவர் படம் உண்மை. பக்கத்தில் நின்று கோபுரத்தை எடுத்துவிட்டு, வேறொரு நிலவைப் பெரிதாக்கி ஒட்டியவர் படம் பொய்.

முழுநிலவும் பளிச்சென்ற பால்வீதியும் ஒரே படத்தில் அருகருகே இருந்தால் சந்தேகியுங்கள். நம் ஊரில் வடக்கு அடிவானத்தின் மேல் பால்வீதியின் மையம் நின்றால், அந்த வானம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

கைப்பேசியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2023-இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் வைத்துச் சாம்சங் கைப்பேசியால் எடுத்தார். மங்கல் படத்தில் இல்லாத குழிகளும் மேடுகளும் கைப்பேசிப் படத்தில் தெளிவாக வந்துவிட்டன! நிலவை அடையாளம் கண்டு நுணுக்கங்களைக் கூட்டும் செயற்கை நுண்ணறிவு அதில் இருப்பதை நிறுவனமே விளக்கியது.

இத்தனை கண்டிப்பு எதற்கு?

நம் மாநிலத்தில் போர்ட்டிக்சனை அடுத்த தெலுக் கெமாங்கில் ரமலான் பிறையைப் பார்க்கும் நிலையம் இருக்கிறது. அங்கே காண்பவரின் சொல் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. வானத்தைக் கண்டேன் என்பது அவ்வளவு பொறுப்பான சொல்.

நம் தோட்டங்களுக்கும் அந்தப் பொறுப்பு வேண்டும். எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் போகலாம், கோவில் இடம் மாறலாம், பட்டணத்து ஒளி பெருகி வானமும் மங்கலாம். இன்று நீங்கள் எடுக்கும் படமே நாளை உங்கள் பேரப்பிள்ளைக்கு ஆதாரம். அதில் வேறு நாட்டு வானத்தை ஒட்டிவைத்தால், அவனுக்கு எதை விட்டுச் செல்கிறோம்? அடிவானத்தில் சிரம்பான் ஒளி மஞ்சளாகத் தெரிந்தால் இருக்கட்டும், அதுவும் வரலாறுதான். துடைத்தால், துடைத்தேன் என்று எழுதுங்கள்.

பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். ஊதாவும் செம்மஞ்சளுமாகப் படத்தில் பார்த்த பால்வீதியைத் தேடி வாசலுக்கு வருகிறான் ஒரு சிறுவன். மெல்லிய சாம்பல்நிற மேகம் போலத்தான் அவனுக்குத் தெரியும். ஏனெனில் மங்கிய ஒளியில் நம் கண் நிறம் காணாது. கேமராதான் ஒளியைச் சேர்த்து நிறத்தைக் காட்டுகிறது. இதை முன்பே சொல்லியிருந்தால் அவன் வியப்பான். சொல்லாமல் விட்டால், 'நம் வானம் மட்டமானது' என்று உள்ளே போய்விடுவான்.

ஆகவே படத்திற்கு அடியில் நான்கு வரி எழுதப் பழகுங்கள். உதாரணமாக: "எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில், பகாவ் அருகில். மார்ச் அமாவாசை, அதிகாலை 4.30. வானம் 25 விநாடி வீதம் 16 படங்கள். தரை 4 நிமிடம், ஒரு படம். ஒரே முக்காலி, எதுவும் வெளியிலிருந்து சேர்க்கப்படவில்லை."

இதை எழுதுவதால் படத்தின் அழகு ஒரு துளியும் குறையாது. எழுதக் கூச்சமாக இருந்தால், அந்தப் படத்தை இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று பொருள். அடுத்த அமாவாசைக்கு அதிக நாள் இல்லை!