சூளை தந்த கருநீலம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைகளுக்கு மேற்கே ராக்பிரிட்ஜ் கவுன்டி இருக்கிறது. நம் மாவட்டம் போன்றதுதான் கவுன்டி. ஓடை ஒன்று சுண்ணாம்புப் பாறையை அரித்து அரித்து உண்டாக்கிய, 215 அடி உயரக் கல்பாலம் அங்கே நிற்கிறது. கவுன்டியின் பெயர் அதிலிருந்து வந்தது. 1778இல் அமைந்த இந்தக் கவுன்டியின் தலைமையூர் லெக்சிங்டன், கல்லூரிகளால் பேர் பெற்ற சிற்றூர்.

அங்கே குடியேறிய ஸ்காட்-ஐரிஷ் உழவர்கள் முதலில் மரக்கட்டைகளை அடுக்கித்தான் வீடு கட்டினார்கள். கீழ்க்கட்டையின் நுனியைக் கூரை முகடுபோலச் செதுக்குவார்கள். மேற்கட்டையின் அடியில் அதற்குப் பொருந்த வெட்டி உட்கார வைப்பார்கள். ஆணியே வேண்டாம்; மழைநீரும் மூலையில் தேங்காமல் வழிந்துவிடும். பிற்காலத்தில் மேலே பலகை அடித்துவிட்டதால், பல வீடுகளில் அந்தக் கட்டைச் சுவர் வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கிறது.

1796இல் பற்றிய தீ லெக்சிங்டனின் பெரும்பகுதியை விழுங்கியது. லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டி ஊரை மறுபடி எழுப்பினார்கள். அதன்பின் செங்கல்லுக்குத்தான் மதிப்பு. செம்மண் அங்கேயே கிடைத்தது. சாந்துக்குச் சுண்ணாம்பும் அங்குள்ள பாறையிலேயே இருந்தது.

தீக்குத் தப்பிய வீடுகளில் ஒன்று, 1789 அளவில் கட்டிய அலெக்சாண்டர்-வித்ரோ வீடு. அதன் சுவரில் கருநீலச் செங்கற்கள் சாய்சதுரக் கோலமாக ஓடுகின்றன. அது சாயமன்று. விறகுச் சூளையில் நெருப்பை ஒட்டி அடுக்கிய கற்களின் முகத்தில் சாம்பலின் காரம் படியும். அது மண்ணிலுள்ள மணற்சத்தோடு உருகிச் சேர்ந்து கண்ணாடிபோல இறுகும். கொத்தனார் அந்தக் கற்களைத் தனியே பொறுக்கி, பளபளக்கும் தலைப்பக்கம் வெளியே தெரியும்படி கணக்குப் போட்டு வைத்தார். நெருப்பின் போக்கில் விளைந்ததை அழகாக்கிய அந்தக் கை என்னை வியக்க வைக்கிறது.

லெக்சிங்டனிலுள்ள வாஷிங்டன் கல்லூரியின் நடுக்கட்டடத்தை 1824இல் ஜான் ஜோர்டனும் சாமுவேல் டார்ஸ்டும் கட்டினார்கள். முகப்பில் வெண்ணிறத் தூண்கள். உச்சியில் 1844 முதல் ஜார்ஜ் வாஷிங்டன் சிலை. அந்தச் சிலையை மரத்தில் செதுக்கியவர் உள்ளூர்த் தச்சர் மேத்யூ காலே. மூல மரச்சிலையை இப்போது தனியே வைத்துக் காக்கிறார்கள். உச்சியில் நிற்பது வெண்கலப் படி.

கட்டியவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. அன்றைய வர்ஜீனியாவில் மண் குழைத்து, கல் அறுத்து, சூளை மூட்டிய கைகளில் பல அடிமைகளுடையவை. 1826இல் ஜான் ராபின்சன் தம் உயிலில் இந்தக் கல்லூரிக்கு நிலத்தோடு 70க்கும் மேற்பட்ட அடிமைகளையும் எழுதி வைத்தார். 1836இல் கல்லூரி அவர்களில் பெரும்பாலோரை விற்றது.

பக்கத்திலேயே இருக்கும் ராணுவக் கல்லூரியின் கட்டடம், கோட்டை போன்ற கோத்திக் பாணியில் 1850களில் எழுந்தது. 1864இல் உள்நாட்டுப் போரில் எரிந்து, பிறகு மீண்டது.

அதே 1850களில், லெக்சிங்டன் மெயின் தெருவின் ஏற்றம் வண்டிகளுக்குக் கடினமாக இருக்கிறதென்று தெருவையே பல அடி வெட்டித் தாழ்த்தினார்கள். பழைய வாசல்கள் அந்தரத்தில் நின்றன. மண்ணுக்குள் இருந்த அடித்தளம் தெருமட்டத்துக்கு வந்து தரைத்தளமாயிற்று. அலெக்சாண்டர்-வித்ரோ வீட்டுக் கோலத்தை இன்று தெருவில் நிற்பவர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.