பூனையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்

மாமல்லபுரத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிறீர்களா? டீ ஆறுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்றதும் நமக்கு வாய் சும்மா இருக்காது. "இதுதான் அர்ச்சுனன் தபசு, பல்லவர் செதுக்கினது, ஏழாம் நூற்றாண்டு" என்று ஒப்பித்துவிட்டு, ஒரு செல்ஃபியோடு நகர்ந்துவிடுவோம். சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஐந்து வயசுப் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பெயரையும் கதையையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதில் கல்லிலேயே இருக்கிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தப் பெரிய யானைக்கு அடியில எத்தனை குட்டி?" இது கண்ணைப் பழக்கத்தான். கிட்டத்தட்ட முப்பது மீட்டர் நீளப் பாறை. எங்கே பார்ப்பது என்று பெரியவர்களே திகைக்கிற இடம். சிற்பம் கிழக்குப் பார்த்தது, அதனால் காலை வெயிலில் போனால் உருவங்கள் எடுப்பாகத் தெரியும்.

அடுத்து, நடுவில் இருக்கும் பிளவுக்கு இடப்பக்கம், மேலே ஒருவர் ஒற்றைக்காலில் நிற்பார். தாடியும் எலும்புமாக, கை இரண்டும் தலைக்கு மேலே. "அவரை மாதிரி நில்லு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பிள்ளை நிற்கும், தள்ளாடும், சிரிக்கும். நீங்களும் நின்று பாருங்கள், வெட்கப்படாமல். தவம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

இப்போது மூன்றாவது கேள்வி: "இவரை மாதிரியே இன்னொருத்தர் தவம் பண்றார், அது யாரு?" கேட்டதோடு சரி, விரலை நீட்டிக் காட்டிவிடாதீர்கள். பிள்ளை முனிவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும். தேடல் கடைசியில் யானைக்கு முன்னால், கீழே, ஒரு பூனையிடம் வந்து நிற்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு அச்சு அசல் அதே நிலை. சுற்றிலும் எலிகள். "ஏன் எலி பயப்படலை?" என்று பிள்ளையே கேட்கும். தவசி வேஷம் போட்டு எலிகளை ஏமாற்றிய ருத்திராட்சப் பூனையின் கதையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சிற்பி அதை உயரத்தில் வைக்காமல் சின்னதாகக் கீழே வைத்ததே தேடிக் கண்டுபிடிக்கிறவர்களுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான் ஒன்றும் இருக்கிறது. அதை அடுத்த தடவைக்கு விட்டுவைக்கலாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் வழக்கையே அவர்களிடம் ஒப்படைக்கலாம். தவம் செய்கிறவர் அர்ச்சுனன் என்கிறார்கள் சிலர். கங்கையை இறக்கிய பகீரதன் என்கிறார்கள் வேறு சிலர். பகீரதன் கட்சிக்குச் சாட்சியாக, பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். அதன் வழியே தண்ணீர் விழும்படி மேலே தொட்டி இருந்ததற்கு அடையாளமும் உண்டு. எந்தக் கட்சி என்று கேளுங்கள். அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை, அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

இதே தேடல் விளையாட்டை வீட்டிலேயே ஆட வேண்டுமானால் போனில் பீட்டர் புருகல் 1560இல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' ஓவியத்தைத் திறந்துகொள்ளுங்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிற படம். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பது வகை விளையாட்டுக்குக் குறையாது. இடது மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்து நம் அஞ்சாங்கல் மாதிரி ஆடுகிறார்கள். பச்சைக்குதிரை, வளையம் உருட்டுவது, பீப்பாய்மேல் சவாரி எல்லாம் உண்டு. ஒரு நிமிடம் பார்க்கவிட்டு போனைக் கவிழ்த்து, "என்னென்ன பார்த்தே?" என்று கேளுங்கள். பிறகு பெரிதாக்கிச் சரிபார்க்கலாம்.

ஐந்து நிமிடத்தில் "போதும்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் அது பாடமாகிவிடும். போதும் என்று சொல்லாவிட்டால், அடுத்த சுற்றில் கேள்வி கேட்பது பிள்ளை, தேடுவது நீங்கள்.